மேல்பட்டையில் கை வைக்கலாமா?

மீன்தொட்டி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் பலருக்கு அதன் மேல்பட்டை உறுத்தத் தொடங்கும். டிரிஃப்ட்வுட்டை உள்ளே இறக்கும்போது நடுப்பட்டை தட்டும். வலையைத் திருப்ப இடம் போதாது. விளக்கை மேலே வைத்தால் பட்டையின் நிழல் தொட்டியின் நட்டநடுவில், ஆசையாக நட்ட செடியின் மேலேயே விழும். தெறித்த நீர் பட்டையின் மேல் காய்ந்து உப்புக்கறை படியும். போர்வெல் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கிடையில் படங்களில் பார்க்கும் ஜப்பானியத் தொட்டிகளில் இப்படியொரு பட்டையே இருப்பதில்லை. "இதை எடுத்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் அப்போதுதான் வரும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டையோடு செய்யப்பட்ட தொட்டியிலிருந்து பட்டையை எடுக்காதீர்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம், இடம் நகர்த்தலாம். ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. எடுத்துவிட்டு அப்படியே தண்ணீர் நிரப்புவது மட்டும் கூடாது. காரணம் தெரியாமல் "கூடாது" என்று மட்டும் கேட்டவர்களுக்குத்தான் ஒரு விடுமுறை நாளில் பிளேடை எடுக்கத் தோன்றும். ஆகவே காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது?

கண்ணாடியைத் தள்ளுவது தண்ணீரின் ஆழம்தான். தொட்டி முன்னுக்குப் பின் ஒன்றரை அடி அகலம் இருந்தாலும் மூன்று அடி இருந்தாலும், ஆழமும் நீளமும் ஒன்றாக இருக்கும்வரை முன்கண்ணாடியின் மேல் வரும் சுமை ஒன்றுதான். அகலம் கூடினால் லிட்டர் கூடும், ஸ்டாண்டின் மேல் பாரம் கூடும். முன்கண்ணாடிக்கு அது தெரியாது.

கணக்கு எளிது. தண்ணீரின் ஆழத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். அதைக் கண்ணாடியின் நீளத்தால் பெருக்கி, 500 ஆல் பெருக்கினால் முன்கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் மொத்தச் சுமை கிலோவில் கிடைக்கும். 4 அடி நீளம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சுமார் 127 கிலோ. அதே 4 அடித் தொட்டியின் உயரம் 2 அடி என்றால் சுமார் 226 கிலோ. உயரம் அரை அடிதான் கூடியது, சுமை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. தொட்டி வாங்கும்போது எல்லோரும் நீளத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். கண்ணாடியை வதைப்பது உயரம்.

இந்தச் சுமை கண்ணாடி முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. நீர்மட்டத்தில் அழுத்தம் பூஜ்யம். 2 அடி ஆழத்தில், அடியில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 61 கிராம். அப்படியானால் கண்ணாடி அடியில்தானே வளைய வேண்டும்? அடியில் அது தரைக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் பக்கச் சுவர்களோடு ஒட்டியிருக்கிறது. பிடிப்பே இல்லாமல் நிற்பது மேல் விளிம்பு ஒன்றுதான். ஆகவே அழுத்தம் குறைவாக உள்ள மேல்பகுதியில்தான், அதுவும் நீளத்தின் நடுவில், கண்ணாடி அதிகம் வயிறு தள்ளும். பட்டை ஒட்டப்படும் இடமும் அதனால்தான் மேல் விளிம்பு.

மேல் விளிம்பை முழுக்கப் பிடித்து நிறுத்தினால், மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேல் பிடிப்புக்கு வரும், மீதி அடிக்குப் போகும். 226 கிலோ சுமையுள்ள அந்த 2 அடித் தொட்டியில் மேலே வருவது 75 கிலோ வாக்கில். அதில் பக்கச் சுவர்கள் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், நடுவில் ஒரே ஒரு குறுக்குப் பட்டை இருந்தால் அது 40 கிலோ வரை இழுபட்டபடி நிற்க நேரும். நாளுக்கு 24 மணி நேரமும், தொட்டி இருக்கும் காலம் வரைக்கும்.

பட்டையின் வகைகள்

நம்மூர்க் கடைகளில் எல்லாவற்றுக்கும் "சப்போர்ட்" என்று ஒரே பெயர்தான். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு வேறு.

நீளவாட்டில் முன்கண்ணாடியோடும் பின்கண்ணாடியோடும் படுக்கை வசத்தில் ஒட்டப்படும் இரண்டு மூன்று அங்குல அகலக் கண்ணாடிப் பட்டை ஒரு வகை. நான்கு பக்கமும் இப்படிச் சுற்றி ஒட்டினால் அதை யூரோ பிரேசிங் என்கிறார்கள். நாம் சுற்றுப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட அடிக்கோலை நினைத்துப் பாருங்கள்: தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளையும், விளிம்பு வசத்தில் அழுத்தினால் அசையாது. சுவர்க் கண்ணாடி வளைய முயலும் திசையில் இந்தப் பட்டை தன் விளிம்பைக் காட்டி நிற்கிறது. மூன்று அங்குலப் பட்டை குறுக்கே எதுவும் இல்லாமலேயே நன்றாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

முன்னுக்கும் பின்னுக்கும் பாலமாக நடுவில் போடுவது குறுக்குப் பட்டை. இது இரண்டு சுவர்களையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் செய்கிறது. நீளத் தொட்டியின் மேல் விளிம்பை இது இரண்டாக வகுத்துவிடுகிறது. ஒரே சீரான சுமையுள்ள உத்தரத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பொறியியல் பாடம். தொட்டிக் கண்ணாடி அடியிலும் பிடிபட்டிருப்பதால் அந்த அளவுக்கு வித்தியாசம் இராது. ஆனாலும் ஒரு சிறு பட்டை எவ்வளவு வேலை செய்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, அச்சில் வார்த்த தொட்டிகளில் வரும் பிளாஸ்டிக் சட்டம். இரண்டு அடிக்குட்பட்ட சிறு தொட்டிகளில் இந்தச் சட்டம் பெரும்பாலும் மூடியைத் தாங்கவும் கண்ணாடி விளிம்பைக் காக்கவும்தான். மூன்று அடிக்கு மேல், குறிப்பாகச் சட்டத்தின் நடுவில் குறுக்குப் பட்டை வார்க்கப்பட்டிருந்தால், அது அலங்காரம் அல்ல. தொட்டியின் பலத்தில் அதற்குப் பங்கு உண்டு.

கண்ணாடியின் கனத்தில்தான் பட்டை ஒளிந்திருக்கிறது

கடையில் "அண்ணா, நடுப்பட்டை வேண்டாம், இல்லாமலே ஒட்டிக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவராக இருந்தால், "அப்ப பன்னெண்டு எம்.எம். போடணும் சார், ரேட்டு ஏறும்" என்பார். இந்த அத்தியாயத்தின் சாரம் அந்தப் பதிலில் இருக்கிறது. பட்டை உண்டு என்று முடிவு செய்த பிறகுதான் சுவருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று முடிவாகிறது. 8 மி.மீ. போதும் என்று அவர் சொன்னது பட்டையையும் சேர்த்துத்தான்.

கண்ணாடியின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 8 மி.மீ. கண்ணாடியைவிட 10 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு, 12 மி.மீ. என்றால் மூன்றேகால் மடங்குக்கும் மேல். உடையாமல் தாங்கும் பலமோ கனத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க இடமே இல்லை.

தகாஷி அமானோ 1982-இல் ஜப்பானில் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் பட்டையில்லாத் தொட்டிகளைப் பார்த்துத்தான் உலகமெங்கும் இந்த ஆசை பரவியது. அவர்களுடைய 60-பி தொட்டி 60 செ.மீ. நீளம், 36 செ.மீ. உயரம், கண்ணாடி 6 மி.மீ. அடுத்து 90-பி, உயரம் 45 செ.மீ.; கண்ணாடி 10 மி.மீ. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உயரம் ஒரு சாண் அளவுகூட ஏறவில்லை, அதற்குள் கண்ணாடி 4 மி.மீ. கனத்துவிட்டது. பெரும்பாலும் உயரத்தைத் தாழ்வாகவே வைத்திருப்பதையும் கவனியுங்கள். பட்டையை எடுத்ததால் அவை அழகாகவில்லை. பட்டை தேவைப்படாதபடி முதலிலேயே கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை அவை.

என் பரிந்துரை இது. 4 அடி நீளம், 2 அடி உயரத்துக்குப் பட்டையில்லாமல் வேண்டுமானால் 12 மி.மீ.க்குக் குறையவே கூடாது; 15 மி.மீ. என்றால் நிம்மதி. அதே அளவுக்கு நல்ல சுற்றுப்பட்டை போட்டால் 10 மி.மீ. போதும். இப்போது வீட்டில் இருக்கும் தொட்டியின் கனம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் வெர்னியர் காலிப்பர் வைத்து மேல் விளிம்பில் அளந்துகொள்ளுங்கள். 10 மி.மீ. கண்ணாடி 9.7 காட்டினால் கவலை வேண்டாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் ஃப்ளோட் கண்ணாடியில் அனுமதிக்கப்பட்டதுதான்.

"எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே?"

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நான்கு அடித் தொட்டியில் நடுப்பட்டையை எடுத்துவிட்டு ஒரு வருடம், இரண்டு வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் அதைப் பின்பற்றக் கூடாது என்பதும் புரியும்.

தொட்டிக் கணக்குப் போடுபவர்கள் பலரும் 3.8 என்ற பாதுகாப்புக் காரணியை வைத்துக்கொள்கிறார்கள். அதாவது கண்ணாடி தாங்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளும் அளவில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் அதைச் சுமக்க வைப்பதில்லை. பட்டையை எடுத்தால் கண்ணாடியின் மேல் உள்ள தகைவு கூடுகிறது, இந்த இடைவெளி சுருங்குகிறது. அன்றைக்கே உடையாததற்குக் காரணம் அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுதான்.

மிச்சம் அப்படியே இருக்குமா என்றால், இருக்காது. கண்ணாடி ஏன் தன் கணக்கு பலத்தைவிட மிகக் குறைந்த சுமையில் உடைகிறது என்பதற்கு ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியான தம் ஆய்வில் விடை சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள். கீறலின் நுனியில் இழுவிசை குவிகிறது. அதோடு ஈரம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நீர் மூலக்கூறுகள் கீறலின் நுனியில் உள்ள சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுக்க உதவுகின்றன. இழுவிசைக்கு உட்பட்ட கண்ணாடியில் கீறல் மிக மெல்ல, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர முடியும். ஒரு நிமிடம் தாங்கிய சுமையை ஒரு வருடம் தாங்கும் என்று கண்ணாடியிடம் எதிர்பார்க்க முடியாது. காற்றில் ஈரம் குறையாத கடலோர ஊரில், எந்நேரமும் நீர் தெறிக்கும் விளிம்பில், இது ஏட்டுப் படிப்பு அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிறு தள்ளிய கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் இழுபடும் பக்கம், அதிலும் மேல் விளிம்பின் நடுப்பகுதி. குழந்தையின் பொம்மை பட்டது, மூடியை இழுத்தபோது விளிம்பில் சிறு சில்லு தெறித்தது, துடைக்கும்போது மணல் உரசியது என்று கீறல் விழும் வாய்ப்பு அதிகமுள்ள இடமும் அதுவே. பட்டையை நெம்பி எடுக்கும்போது கத்தி முனை பட்டுச் சில்லு பெயர்வதும் அதே இடத்தில்தான்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். 4 அடி, ஒன்றரை அடி, 2 அடித் தொட்டியில் 340 லிட்டர். அத்தனையும் கூடத்தில் பரவும். சாதாரண கண்ணாடி பெரிய கத்தி போன்ற துண்டுகளாக உடையும். பக்கத்திலேயே மின்சாரப் பலகை இருக்கும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரின் கூரை வழியாகவும் இறங்கும். மீன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜெர்மனியில் கண்ணாடி மீன்தொட்டிகளின் பாதுகாப்புக்கென்றே டின் 32622 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள் என்றால், அது மிகையான எச்சரிக்கை அல்ல.

முதலில் அளந்து பாருங்கள்

தொட்டியில் எதை மாற்றுவதற்கும் முன் அது இப்போது எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது, முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்திலிருந்து பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் வரை மேல் விளிம்பில் மூன்று இடங்களில் அளந்து எழுதி வையுங்கள்: இரண்டு ஓரம், ஒரு நடு. நிரப்பிய மறுநாள் அதே இடங்களில் மறுபடி அளங்கள். நடுவில் 4 மி.மீ. கூடியிருந்தால் ஒவ்வொரு சுவரும் 2 மி.மீ. வயிறு தள்ளியிருக்கிறது என்று பொருள்.

நான்கு அடித் தொட்டியில் ஒரு சுவருக்கு 1 மி.மீ. பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2 மி.மீ. என்றால் மாதம் ஒருமுறை அளந்துகொண்டே இருங்கள், கூடுகிறதா என்று பாருங்கள். 3 மி.மீ. தாண்டினால் நீர்மட்டத்தை இறக்கிவிட்டுப் பட்டை போடும் ஏற்பாட்டைப் பாருங்கள். இது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல். கனமான கண்ணாடியில் இதைவிடக் கண்டிப்பாக இருப்பேன், ஏனென்றால் கனத்த கண்ணாடி அவ்வளவு வளைகிறது என்றால் அதன் மேல் தகைவு இன்னும் அதிகம்.

ஸ்டாண்டையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் தொட்டி முறுக்கப்படும். அந்த முறுக்கலை எந்த மேல்பட்டையும் சரிசெய்யாது. சட்டமில்லாத தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடுவது நல்ல பழக்கம். பிளாஸ்டிக் அடிச்சட்டம் உள்ள தொட்டிக்கு வேண்டாம். அதன் தரைக் கண்ணாடி சட்டத்துக்குள் கொஞ்சம் உயரத்தில் தொங்குவதால் தெர்மாகோல் அதைக் கீழிருந்து முட்டும்.

எடுக்காமல் தீர்க்கும் வழிகள்

நிழல்தான் குறை என்றால் விளக்கை மாற்றுங்கள், தொட்டியை அல்ல. நடுவில் ஒரு நீள விளக்குக்குப் பதில் பட்டைக்கு இருபுறமும் ஒவ்வொன்று வைத்தால் நிழல் ஏறக்குறைய மறைந்துவிடும். விளக்கைப் பட்டைக்கு மேல் ஒரு அடி உயர்த்தித் தொங்கவிட்டாலும் ஒளி சரிந்து வந்து அடியை நிரப்பும். கண்ணாடிப் பட்டையாக இருந்தால் வாரம் ஒருமுறை வினிகர் தொட்ட துணியால் உப்புக்கறையைத் துடைத்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும்.

கை நுழையவில்லை, மரக்கட்டை இறங்கவில்லை என்பது உண்மையான சிரமம். அதற்கு நடுவில் உள்ள ஒரே அகலப் பட்டைக்குப் பதிலாக, நீளத்தை மூன்றாக வகுக்கும் இரண்டு இடங்களில் ஒவ்வொரு குறுகிய பட்டை போடலாம். நடு திறந்துவிடும். அல்லது நீளவாட்டில் மூன்று அங்குலச் சுற்றுப்பட்டையைச் சரியாக ஒட்டிவிட்டு, அது முழுதாக இறுகிய பிறகு குறுக்குப் பட்டையை எடுக்கலாம். எந்த வழியானாலும் வரிசை முக்கியம்: புதியது ஒட்டி, இறுகி, அதன் பிறகே பழையது வெளியே.

நீர்மட்டத்தை இறக்குவது பலருக்குத் தோன்றுவதே இல்லை. சுமை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 24 அங்குலத்திலிருந்து 20 அங்குலத்துக்கு இறக்கினால் சுமை 30 சதவீதம் குறைகிறது. மீன் துள்ளி வெளியே விழுவதும் குறையும். சந்தேகமான தொட்டி கையில் இருந்தால் செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான்.

அக்ரிலிக் துண்டைச் சிலிக்கானில் ஒட்டிக் குறுக்குப் பட்டையாக வைக்காதீர்கள். சிலிக்கான் கண்ணாடியைப் பிடிப்பதுபோல் அக்ரிலிக்கைப் பிடிக்காது. ஈரத்தில் அக்ரிலிக் நெளியவும் செய்யும்.

பட்டை ஒட்டும் முறை

தண்ணீரை முழுதாக இறக்கிவிடுங்கள். சுமை இருக்கும்போதே ஒட்டினால் கண்ணாடி வளைந்த நிலையிலேயே பிடிபடும். பட்டை அதுவரை ஏறிய சுமையை வாங்கிக்கொள்ளாது, அதற்கு மேல் வருவதை மட்டும்தான் தாங்கும்.

பட்டைக்குச் சுவரின் கனமே உள்ள கண்ணாடியை எடுங்கள், அகலம் மூன்று அங்குலம். கடையில் நான்கு விளிம்பையும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். வெட்டிய கூர்விளிம்போடு வாங்கி வந்தால் பராமரிப்புக்குக் கையை உள்ளே விடும்போதெல்லாம் கை கிழியும், விளிம்பின் நுண்கீறல்களும் அப்படியே இருக்கும். நீளத்தை உள்ளளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். அந்த இடம் சிலிக்கானுக்கு. சிலிக்கான் ஒரு மில்லிமீட்டர் தடிமனாவது இருந்தால்தான் கண்ணாடியின் அசைவைத் தாங்கும். அழுத்தி முழுக்கப் பிதுக்கிவிட்டால் மூட்டு பலவீனம்.

சிலிக்கான் வாங்கும்போது வினிகர் வாடை வரும் அசிட்டாக்சி வகை, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் மீனுக்கு ஆகாது.

பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது. ஆகவே ஒட்டும் இடத்தில் பழையது இருந்தால் பிளேடால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைத்து, விரல் படாமல் காயவிடுங்கள். மேல் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் கீழே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்குக் கீழே மாஸ்கிங் டேப்பில் சிறு மரத்துண்டுகளை ஒட்டினால் பட்டை உட்கார இடம் தயார். பட்டையின் நீள விளிம்பில் தொடர்ச்சியாக, விட்டுவிட்டு இல்லாமல், சிலிக்கானை இழுத்து வைத்துச் சுவரோடு மெல்ல அழுத்துங்கள். பிதுங்கி வருவதைப் பத்து நிமிடத்துக்குள் விரலால் வழித்துவிட வேண்டும். அதன் பிறகு மேல்தோல் பிடித்துவிடும்.

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. குறுக்குப் பட்டையை நேராகச் சுவரோடு முட்டி ஒட்டினால், 4 அங்குல அகலம், 10 மி.மீ. கனமுள்ள பட்டைக்கு ஒட்டும் பரப்பு வெறும் 10 சதுர சென்டிமீட்டர். 40 கிலோ இழுவை வந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 4 கிலோவைத் தாங்க வேண்டும், அதுவும் சுவரிலிருந்து பிய்க்கும் திசையில், நிரந்தரமாக. நல்ல சிலிக்கான் உடனே விடாது. ஆனால் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும் மூட்டுக்கு அது அதிகம். அதே பட்டையை நீளவாட்டுப் பட்டைகளின் மேல் ஏற்றி, மூன்று அங்குலம் மேற்பொருந்தும்படி ஒட்டினால் ஒவ்வொரு முனையிலும் ஒட்டும் பரப்பு 75 சதுர சென்டிமீட்டருக்கு மேல். சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ வாக்கில்தான் சுமை, அதுவும் பிய்க்கும் திசையில் அல்ல, வழுக்கும் திசையில். முதலில் நீளப் பட்டை, அதன் மேல் குறுக்குப் பட்டை: கடையில் ஒட்டக் கொடுத்தாலும் இப்படித்தான் வேண்டும் என்று பேப்பரில் வரைந்து கொடுங்கள்.

சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். மேற்பொருத்திய அகல மூட்டில் நடுப்பகுதிக்கு ஈரம் போய்ச் சேர நாளாகும். நீளப் பட்டைக்கு ஒரு வாரம் கொடுங்கள். குறுக்குப் பட்டைக்கு மூன்று வாரமாவது பொறுங்கள். வினிகர் வாடை அடியோடு நின்றதா என்று மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் நாள் பாதி, மறுநாள் முழுவதும் என்று நிரப்புங்கள். பழைய அளவுகளோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

சுவரே டஃபன்ட் கண்ணாடியாக இருந்தால் விளிம்பைத் தேய்க்கவோ துளையிடவோ முயலாதீர்கள். முழுக் கண்ணாடியும் சிறு சிறு கட்டிகளாக நொறுங்கும். பெரும்பாலும் ஒரு மூலையில் முத்திரை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டை தானாக விட்டுவிட்டால்

இரவில் டப்பென்று சத்தம் கேட்டு, வந்து பார்த்தால் பட்டை ஒரு முனையில் தொங்குகிறது என்றால், அதைத் தள்ளி உள்ளே வைக்க முயலாதீர்கள். ஹீட்டர், ஃபில்டர் எல்லாவற்றையும் மெயினில் அணையுங்கள். தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் ஹீட்டர் வெடிக்கும். பிறகு குழாய் போட்டுத் தண்ணீரைப் பாதிக்கு இறக்குங்கள். பாதி ஆழத்தில் சுமை நான்கில் ஒரு பங்குதான். அந்தத் தண்ணீரில் ஏர் பம்பை ஓடவிட்டால் மீன்கள் சில நாள் தாங்கும். பட்டையை நிதானமாக மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் சட்டத்தின் நடுப்பட்டை விரிந்துபோனால் வெறும் பசையில் ஒட்டிப் பயனில்லை. தண்ணீரை இறக்கிவிட்டுச் சட்டத்துக்குக் கீழே கண்ணாடிச் சுவர்களில் மேலே சொன்ன முறைப்படி கண்ணாடிப் பட்டைகளைப் போடுங்கள். விளக்கின் சூட்டாலோ வெயிலாலோ விரிந்தது என்றால் அந்தக் காரணத்தையும் அகற்றுங்கள்.

பட்டையே இல்லாத தொட்டிதான் வேண்டும் என்ற ஆசை தீரவில்லையென்றால், அந்த ஆசையில் தவறில்லை. சென்னை கொளத்தூரில் அளவு சொன்னால் ஒட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. உயரத்தை ஒன்றரை அடியோடு நிறுத்தி, 12 மி.மீ. கண்ணாடியில், விளிம்பு பாலிஷோடு புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பழைய தொட்டி பட்டையோடு இன்னும் பல வருடம் உழைக்கும்.

பழைய தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன், பின் கண்ணாடிகளின் உட்பக்கத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, நீளத்தின் நடுவில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். சுரண்டிய சிலிக்கானின் வழுவழுப்பான தடமோ சில்லு பெயர்ந்த சொரசொரப்போ தட்டுப்பட்டால் அங்கே ஒரு பட்டை இருந்திருக்கிறது. சில்லு இருந்தால் வாங்காதீர்கள். தடம் மட்டும் இருந்தால், பட்டை திரும்பப் போட்டு இறுகும்வரை அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.